வெயிலுக்கும் ஒரு பின்னல்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே "உடல்நலம் பற்றிய உரை" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். நீரிழிவு பற்றித்தான் பேசப்போகிறேன் என்று பயந்து, மத்தியானச் சாப்பாட்டில் பாயசத்தைத் தொடாமல் விட்ட இரண்டு அக்காமாரை நான் கண்டேன். அவர்கள் போய்க் குடிக்கலாம். நான் இன்று பேச வந்தது பின்னல் பற்றி. இரண்டு ஊசியும் ஒரு நூலுண்டையும் வைத்துக்கொண்டு பின்னும் பின்னல். அதுவும் பனிக்கும் குளிருக்கும் பின்னுவது பற்றியல்ல, இந்த ஆவணி வெயிலுக்குப் பின்னுவது பற்றி.

"யாழ்ப்பாணத்து வெயிலில் பின்னல் சட்டையா?" என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. நான் ஆண்டு பத்தில் படித்தபோது நாங்களும் அப்படித்தான் சிரித்தோம்.

எங்கள் மனைப்பொருளியல் அறை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வேப்பமரப் பக்கத்து யன்னல், நீண்ட மேசை, அதன் நடுவே கத்தரிக்கோல் பட்ட கீறல்கள். நாங்கள் அங்கே படித்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடு. பனம்பழக் களியில் சட்டை தோய்த்த காலம் அது. கம்பளி நூலை அந்த நாளில் எங்கே காண்பது? "பாடத்திட்டத்தில் பின்னல் இருக்கிறது, பரீட்சையும் இருக்கும், நூலும் ஊசியும் இல்லை. என்ன செய்வோம், பிள்ளையள்?" என்று ரீச்சர் எங்களையே கேட்டார்.

விடையையும் அவரே கொண்டுவந்தார். ஊசிக்குச் சைக்கிள் சில்லின் கம்பி. ஒரு முனையை அரத்தால் அராவி, கல்லில் தேய்த்து மழுங்கலாக்கி, மறுமுனையில் கண்ணி வழுக்கி விழாதபடி பழைய மருந்துப் போத்தல் இறப்பர் மூடியைக் குத்திவிடவேண்டும். நூலுக்குக் கோதுமை மாச் சாக்கின் வாய்த் தையல். அந்தச் சாக்கைப் பிரித்தவர்களுக்குத் தெரியும்: சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுதும் ஒரே இழுவையில் கழன்றுவரும். பிழையான முனையைப் பிடித்தால் இறுகிவிடும். ஒரு சாக்கிலிருந்து இரண்டொரு முழம்தான் கிடைக்கும். சங்கக்கடையிலும் பாண் பேக்கரியிலும் நின்று நாங்கள் சேர்த்த நூலைக் கொதிநீரில் அவித்து, காயவைத்து, துண்டு துண்டாக முடிந்து உண்டையாக்கினோம். பருத்தி நூல். மெல்லியது. வெள்ளையென்றும் சொல்ல முடியாது, பழுப்பென்றும் சொல்ல முடியாது.

கைக்குழந்தைக்குக் கையில்லாத சட்டையொன்று பின்னவேண்டும் என்பது பாடம். தொடங்குமுன் ரீச்சர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "ஆர் போடப்போறது? எந்த மாசம் போடப்போறது?" நான் "பரீட்சைக்கு, ரீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. "பரீட்சை சட்டை போடாது, பிள்ளை. பிறக்கப்போற ஒரு பிள்ளையை நினைச்சுக்கொண்டு பின்னு" என்றார்.

எங்கள் நூலில் முடிச்சுகள் அதிகம். பின்னும்போது முடிச்சை உட்புறம் தள்ளி வெளிப்புறம் அழகாகத் தெரியும்படி செய்தோம். ரீச்சர் சட்டையைக் கையில் வாங்கியதும் முதலில் உட்புறத்தைத் திருப்பிக் கையால் தடவிப் பார்ப்பார். முடிச்சுத் தட்டுப்பட்டால் அவ்வளவையும் பிரிக்கச் சொல்லுவார். "முடிச்சு வெளியாலை தெரிஞ்சால் என்ன? உள்ளுக்கைதானே பிள்ளையின்ரை உடம்பு இருக்கு." நான் மூன்று தடவை பிரித்துப் பின்னினேன். அழுதும் இருக்கிறேன்.

அந்தச் சட்டையின் கதை முடிவில் வரும். அதற்கு முன் வைத்தியர் என்ற முறையில் சில விடயங்களைச் சொல்லவேண்டும்.

பின்னல் சட்டை ஏன் சூடாக இருக்கிறது? நூலால் மட்டுமல்ல. கண்ணிகளுக்குள் அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றுத்தான் உடலின் வெப்பத்தை வெளியே விடாமல் காக்கிறது. நூல் தடிப்பாக, கண்ணி நெருக்கமாக இருந்தால் காற்று உள்ளே நிற்கும், சூடு. நூல் மெல்லியதாக, கண்ணி அகலமாக இருந்தால் சற்றுக் காற்றடித்தாலும் உள்ளே நின்ற காற்று விலகிப் புதுக்காற்று வரும், அப்போது குளிர்மை. காற்றில்லாத நேரத்தில் இதமாகவும் காற்றடிக்கும்போது குளிர்ச்சியாகவும் இருக்கக்கூடிய துணி இது. கைப்பின்னலைக் குளிர்நாட்டுக்கு மட்டும் உரியது என்று நாம் ஒதுக்கியது அவசரம்தான்.

அடுத்தது வியர்வை. ஒரு லீற்றர் வியர்வை முழுதும் உடலின் மேல் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் வழிந்து போனால் பயன் மிகச் சொற்பம். ஆகவே வெயில்நாட்டு ஆடை வியர்வையை ஆவியாக விடவேண்டும். இதில் நூலின் வகை முக்கியம். சாதாரண ஈரப்பதமுள்ள அறையில் பருத்தி தன் எடையில் சுமார் 8 வீதம் நீரைக் காற்றிலிருந்தே உறிஞ்சி வைத்திருக்கும். ஆளிச் செடியின் நாரிலிருந்து வரும் லினன் சுமார் 12 வீதம், கம்பளி சுமார் 16 வீதம். கடைகளில் "குழந்தை நூல்" என்று மலிவாக விற்கப்படும் அக்றிலிக் 2 வீதம்கூட இல்லை. அக்றிலிக் சட்டைக்குள் இருக்கும் பிள்ளையின் முதுகு ஈரமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பருத்திக்கும் குறை உண்டு. நன்றாக நனைந்துவிட்டால் காய நேரமெடுக்கும். லினன் விரைவில் காயும். தொடக்கத்தில் கையில் மொரமொரவென்று இருந்தாலும் தோய்க்கத் தோய்க்க மிருதுவாகும். மெல்லிய கம்பளி நூலை வெயிலுக்கு ஆகாதென்று தள்ளவேண்டாம். ஷெட்லண்ட் தீவுகளின் பெண்கள் பின்னும் நுண்ணிய சால்வையைத் திருமண மோதிரத்தினூடாக இழுத்து எடுக்கலாம். அவ்வளவு மெல்லிய கம்பளியும் உண்டு. ஆனால் எங்கள் ஊருக்கு முதலிடம் பருத்திக்கே.

இனி நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

நான் புதிதாக வைத்தியராகி ஒரு மகப்பேற்று விடுதியில் வேலை செய்த காலம். சித்திரை மாதம். பிறந்து இரண்டு நாளான குழந்தைக்குக் காய்ச்சல் என்று தாதி அழைத்தார். வெப்பநிலை 37.8 பாகை. குழந்தையைப் பார்த்தால் முகம் மட்டும்தான் தெரிகிறது. தலையில் தடித்த அக்றிலிக் தொப்பி, உடம்பில் ஸ்வெற்றர், கையுறை, காலுறை, அதற்கு மேல் ஒரு துவாய். எல்லாம் அம்மம்மா பின்னியவை. ஒவ்வொன்றாகக் கழற்றினோம். வேறு நோய்க்குறி ஏதுமில்லை, பிள்ளை நன்றாகப் பால் குடித்தது. சிறிது நேரத்தில் வெப்பநிலை வழமைக்கு வந்தது. ஆனாலும் ஒரு நாள் முழுவதும் கவனித்தோம். பச்சைக்குழந்தைக்கு உடல் சுட்டால் அது சட்டையால்தான் என்று வீட்டில் நாமே முடிவுசெய்யக்கூடாது. வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள்.

வெப்பநிலை இறங்கியதும் நான் அந்த அம்மம்மாவைப் பார்த்து, "இந்த வெயிலுக்குள்ளை பிள்ளையை அவிச்சு எடுக்கிறியளே" என்றேன். விடுதி முழுவதும் கேட்கும்படி சொன்னேன். அவர் எதுவும் சொல்லாமல் கழற்றியவற்றையெல்லாம் மடித்துப் பையில் வைத்தார். கடைசியாகத் தொப்பியை மடிக்கும்போது, "குளிருமெண்டு பின்னினன், டொக்டர் பிள்ளை" என்றார்.

அதே கிழமை, அதே விடுதி. எடை குறைந்து பிறந்த இன்னொரு குழந்தை. தலைமயிர் சரியாகத் துடைக்கப்படவில்லை, மேலே மின்விசிறி சுற்றுகிறது. வெப்பநிலை 35.8. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே பிள்ளை குளிர்ந்துகொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பிறந்த குழந்தைக்குச் சொல்லும் அளவு 36.5 முதல் 37.5 பாகை வரை. பெரியவர்களைப் போலக் குழந்தைக்கு நடுங்கிச் சூடேற்றத் தெரியாது. அதன் தலை மட்டும் உடல் நீளத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. அந்தத் தலையால் போகும் வெப்பம் அதிகம். குழந்தையைத் துடைத்து, தாயின் நெஞ்சோடு தோல் படும்படி கிடத்தினோம். பிறகு தொப்பி தேடினோம். விடுதியில் அப்போது கைவசம் ஒன்றும் இல்லை. மெல்லிய துணியை மடித்துத் தலையில் கட்டினோம்.

அப்போதுதான் எனக்கு அந்த அம்மம்மாவின் நினைவு வந்தது. அவர் பின்னியதில் பிழையில்லை. நூல்தான் பிழை, தடிப்புத்தான் பிழை, அடுக்கடுக்காகப் போட்டதுதான் பிழை. "அம்மா, இதே தொப்பியைப் பருத்தியில் மெல்லிசாப் பின்னிக்கொண்டு வாங்கோ" என்று நான் சொல்லியிருக்கவேண்டும். அடுத்த நாள் தேடிப் போனேன். துண்டு வெட்டி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் அதற்குப் பிறகு ஊசியைத் தொட்டாரா என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் சங்கடப்படும். "ஆர் போடப்போறது, எந்த மாசம்?" என்று ரீச்சர் கேட்டது எனக்குத்தான் தெரியும், அவருக்கு யார் சொன்னார்கள்? தெரிந்த நான் சொல்லாமல் ஏசிவிட்டு வந்தேன்.

முடிச்சு விடயமும் பிறகுதான் விளங்கியது. சில ஆண்டுகளின் பின், காரணம் தெரியாமல் இரவு முழுவதும் வீரிட்டழுத ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் காலுறையைக் கழற்றினால் ஒரு கால்விரல் சிவந்து வீங்கியிருக்கிறது. காலுறையின் உள்ளே தொங்கிய இழையொன்று விரலைச் சுற்றி இறுக்கியிருந்தது. நல்லவேளை, நேரத்துக்கு வெட்டி எடுத்தோம், விரல் தப்பியது. தாமதித்தால் இரத்தோட்டம் நின்று விரலே போகலாம். அன்று இரவு வீட்டுக்கு வந்து ரீச்சரை நினைத்துக்கொண்டேன். அவர் எங்களைப் பிரிக்கச் சொன்னது அழகுக்காக அல்ல.

ஆகவே பேரப்பிள்ளைகளுக்குப் பின்னும் அக்காமாருக்குச் சில வேண்டுகோள்கள்.

பிறந்த முதல் நேரத்திலும், எடை குறைந்த பிள்ளைக்கும், வெளியே காற்றில் கொண்டு போகும்போதும் மெல்லிய பருத்தித் தொப்பி நல்லது. நிறைமாதத்தில் பிறந்த சுகமான பிள்ளை வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டாம். சூடு கூடலாம், நழுவி முகத்தை மூடலாம். தூங்கும் பிள்ளையின் மேல் ஓட்டை ஓட்டையாகப் பின்னிய போர்வையையும் போடவேண்டாம். கைவிரல் மாட்டும், முகத்துக்கு ஏறும். கழுத்தில் நாடா வைத்துக் கட்டாதீர்கள். பொத்தான் வைப்பதென்றால் இழுத்துப் பார்த்து இறுக்கமாகத் தையுங்கள். கையுறை, காலுறையை அணிவிக்குமுன் உட்புறத்தைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். பிள்ளைக்குச் சூடா குளிரா என்று அறியக் கையையும் காலையும் தொட்டுப் பார்க்கவேண்டாம். அவை எப்போதும் சற்றுக் குளிர்ந்திருக்கும். பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள்.

குழந்தைகளோடு நிறுத்தினால் என் வகுப்புத் தோழிகள் கோபிப்பார்கள். எங்களுக்கும் நாற்பது தாண்டிவிட்டது. இருந்தாற்போல் உடல் சூடேறி, முகம் சிவந்து, வியர்த்து, ஐந்து நிமிடத்தில் குளிரும் அந்த அனுபவத்தைப் பற்றி இப்போது எங்கள் வட்ஸ்அப் குழுவில் அடிக்கடி பேச்சு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் வருவது அது. அதற்குத் தடித்த ஒரு ஆடையைவிட மெல்லிய இரண்டு நல்லது. உள்ளே பருத்திச் சட்டை, மேலே முன்பக்கம் திறந்த மெல்லிய பின்னல் கார்டிகன். சூடேறும்போது கழற்றலாம், குளிரும்போது போடலாம். தலையால் கழற்றும் சட்டையை அலுவலகத்தில் கழற்ற முடியுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு ஏசி பஸ்ஸில் போனவர்களுக்கு நான் குளிரைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஏறும்போது வியர்வை, வவுனியா தாண்டும்போது நடுக்கம். வங்கியிலும் அலுவலகத்திலும் குளிரூட்டியின் கீழே ஆறேழு மணித்தியாலம் இருக்கும் தங்கைமாருக்கும் இதே கதைதான். வெளியே 32 பாகை, உள்ளே 22. அந்தப் பத்துப் பாகை வித்தியாசத்துக்குக் கைப்பையில் மடித்து வைக்கக்கூடிய ஒரு பருத்திச் சால்வை போதும். வயதான அம்மாமாருக்கு மார்கழி, தை அதிகாலைப் பனியில் கையில்லாத ஒரு பின்னல் மேற்சட்டை எவ்வளவோ இதம். கை அசையவும் எளிது, ஊசி போடவும் இரத்த அழுத்தம் பார்க்கவும் எங்களுக்கும் எளிது.

வெளிநாட்டுச் சகோதரிகளே, உங்களுக்கும் இப்போது வெயில் வந்துவிட்டது. 2022 ஆம் ஆண்டு யூலை 19 இல் இங்கிலாந்தில் வெப்பநிலை முதல் தடவையாக 40 பாகையைத் தாண்டியது. அன்று இலண்டனிலிருந்து என் தோழி தொலைபேசியில் "ஊரிலை கூட இப்பிடி வேர்க்கேல்லையடி" என்றாள். கம்பளி பின்னிப் பழகிய கைகளுக்கு இனிப் பருத்தியும் லினனும் வேண்டியிருக்கும்.

கம்பளியில் பழகியவர்கள் பருத்தியில் கைவைக்கும்போது ஏமாறும் இடங்கள் மூன்று. முதலாவது, பருத்தி நூலுக்குக் கம்பளியைப்போல இழுபட்டுத் திரும்பும் தன்மை இல்லை. இழுபட்டால் இழுபட்டதுதான். அதனால் விளிம்புப் பட்டியை உடலுக்குப் போடும் ஊசியைவிட இரண்டு அளவு சிறிய ஊசியில் பின்னுங்கள். இல்லாவிட்டால் இடுப்பில் பாவாடைபோல விரியும். இரண்டாவது, பருத்தி பாரமானது. சட்டை தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். பத்துச் சதமமீற்றர் சதுரத்தில் மாதிரி ஒன்று பின்னி, தோய்த்து, கொடியில் தொங்கவிட்டுக் காய்ந்த பின் அளந்து கண்ணிக் கணக்கைப் போடுங்கள். தோய்க்காமல் எடுத்த அளவை நம்பவேண்டாம். மூன்றாவது, பருத்தியில் கை இறுக்கமும் தளர்வும் அப்படியே தெரியும். அதற்கு மருந்து சிறிய ஓட்டைப் பின்னல்தான். நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னினால் ஓர் ஓட்டை விழும். கண்ணிக் கணக்கும் மாறாது. கையின் குறையும் மறையும், காற்றும் வரும்.

நூல் மெல்லியதாகவும் ஊசி சற்றுப் பெரியதாகவும் இருக்கட்டும். 3 மில்லிமீற்றர் ஊசிக்குரிய நூலை 4 மில்லிமீற்றரில் பின்னிப் பாருங்கள். துணி கையில் பாரமில்லாமல் விழும். பெரியவர்களுக்குக் கையில்லாத சட்டை ஒன்றுக்கு 250 முதல் 300 கிராம் வரை நூல் போதும். உடலைப் பிடிக்காமல் நான்கைந்து சதமமீற்றர் தளர்வு விடுங்கள். தோய்த்தால் தொங்கவிடாமல் துவாயில் விரித்து நிழலில் காயவிடுங்கள். ஓட்டைப் பின்னலின் ஊடாக வெயில் தோலில் படும் என்பதையும் மறக்கவேண்டாம். நடுப்பகலில் வயலுக்கோ கடற்கரைக்கோ போகும்போது நெருக்கமாக நெய்த துணிதான் பாதுகாப்பு.

இனி அந்தச் சட்டை.

1995 ஒக்டோபர் 30. அந்த இரவைப் பற்றி இந்த மண்டபத்தில் நான் சொல்லவேண்டியதில்லை. இங்கே இருப்பவர்களில் பலர் அந்த மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து நடந்தவர்கள். என் புத்தகப் பைக்குள் கணிதக் கொப்பியும் அந்தச் சட்டையும் இருந்தன. கழுத்துப் பக்கம் இன்னும் முடியவில்லை. இரண்டு சைக்கிள் கம்பியும் சட்டையிலேயே குத்தியபடி இருந்தன. வழியில் அவை பையைக் கிழித்து என் முதுகைக் குத்தியது இன்றும் நினைவிருக்கிறது.

தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நாங்கள் தங்கினோம். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பாய் தள்ளி நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர். கார்த்திகையில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. அம்மா என் பையிலிருந்து சட்டையை எடுத்து, குப்பி விளக்கு வெளிச்சத்தில் மிச்சத்தைப் பின்னி முடித்தார். அம்மாவுக்குப் பின்னல் அவ்வளவாகத் தெரியாது. கழுத்து ஒரு பக்கம் கோணிவிட்டது. "உள்ளுக்கு முடிச்சு இருக்கோ?" என்று என்னைக் கேட்டார். நான் உட்புறத்தைத் திருப்பித் தடவிப் பார்த்தேன். இல்லை.

அந்த மழைக்கு அந்த மெல்லிய சட்டை மட்டும் போதாது. அதன்மேல் அம்மாவின் பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்துச் சுற்றினோம். ஆனாலும் அந்தப் பிள்ளையின் உடம்பில் முதலில் பட்ட புதுத் துணி அதுதான். நாங்கள் அங்கிருந்து வேறிடம் போனோம், அவர்கள் வேறிடம் போனார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பது வயதளவில் இருக்கும். பெயர்கூட எனக்குத் தெரியாது.

பரீட்சைக்கு நான் எதையும் கையளிக்கவில்லை. பிறகு ஒரு நாள் ரீச்சரைக் கண்டபோது நடந்ததைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கார்த்திகை மாசம் எண்டால் கை வைச்சல்லோ பின்னியிருக்கவேணும்" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த புள்ளி. பின்னர் அவர் பிள்ளைகளிடம் கனடாவுக்குப் போய் அங்கேயே காலமானார். ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளில் சிலர் அவருடைய கடைசி நாட்களில் போய்ப் பார்த்தவர்கள் என்று அறிந்தேன். அவர்களுக்கு என் நன்றி.

இந்த நூற்றாண்டு ஆண்டில் நமது சங்கம் வகுப்பறைக் கட்டடம், புலமைப்பரிசில் என்று பெரிய வேலைகளை எடுத்திருக்கிறது. அவற்றோடு சிறிய வேலையொன்றையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறேன். வெள்ளிக்கிழமை பாடசாலை முடிந்தபின் ஒரு மணித்தியாலம், மனைப்பொருளியல் அறையை விரும்பிய மாணவிகளுக்குத் திறந்துவிடுவோம். இங்கே இருக்கும் அக்காமார் முறைவைத்து வந்து சொல்லிக்கொடுக்கலாம். கடல் கடந்திருப்பவர்கள் நல்ல பருத்தி நூலும் ஊசியும் அனுப்பலாம். தடித்த அக்றிலிக் தொப்பிகளைப் பெட்டி பெட்டியாக அனுப்பவேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்; அந்தத் தபால் செலவுக்கு நிறைய நூல் வாங்கலாம். பிள்ளைகள் பின்னும் சிறு தொப்பிகள் எங்கே தேவை, எந்த அளவில் தேவை என்று முதலில் விடுதியில் கேட்டறிந்து கொடுப்பது என் பொறுப்பு.

வந்து பழகும் பிள்ளைகளிடம் ஊசியைக் கொடுக்குமுன் அந்தக் கேள்வியைக் கேட்க மறக்கவேண்டாம். ஆர் போடப்போறது? எந்த மாசம்? பின்னி முடித்துக் கொண்டுவந்து நீட்டும்போது வெளிப்புறத்தைப் பாராட்டுங்கள், பிள்ளைகளுக்கு அது வேண்டும். ஆனால் முதலில் உட்புறத்தைத் திருப்பித் தடவிப் பாருங்கள்.

அந்த இரண்டு சைக்கிள் கம்பிகளும் இன்றும் என்னிடம் இருக்கின்றன. துருப்பிடித்துவிட்டன. மனைப்பொருளியல் அறையின் மேசை லாச்சியில் வைப்பதற்காக இன்று கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் அதிபரிடம் ஒப்படைப்பேன்.

பாயசம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீரிழிவு உள்ளவர்கள் அரைக் கோப்பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.